பழைய கணினிக்கு எந்தத் தலைமுறைச் செயலி?

 

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு வழங்கிவந்த இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. அதற்கு அடுத்ததான விண்டோஸ் 11, இன்டெல் செயலிகளில் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றை, ஓரிரு விதிவிலக்குகள் நீங்கலாக, ஏற்பதில்லை. இவ்விரு செய்திகளும் சேர்ந்து நம் வீடுகளில் ஒரு பதற்றத்தை உண்டாக்கியிருக்கின்றன. மக்தபில் பிள்ளைகளை விட வரும் பெற்றோர்கள், பாடம் எங்கே நிற்கிறது என்று கேட்ட கையோடு, "ஹஜ்ரத், வீட்டுக் கம்ப்யூட்டரை மாற்றியே ஆகவேண்டுமா? எந்த ஜெனரேஷன் வாங்கலாம்?" என்றும் கேட்கின்றனர். மதரஸாவின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் நம்மிடம் இருப்பதால் இக்கேள்வி நம்மைத் தேடி வருகிறது போலும்.

நம் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது ஐ3, ஐ5, ஐ7 என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். மிகப் புதிய தலைமுறை எது என்றும் ஓடாதீர்கள். உங்கள் கணினிக்குள் இப்போது எந்த மதர்போர்டு இருக்கிறது, அதனால் எதுவரை ஏற முடியும் என்பதை அறிந்துகொண்ட பிறகே பணப்பையைத் திறக்க வேண்டும். பலருக்கு விடை, செயலிக்கு ஒரு ரூபாயும் செலவிட வேண்டாம் என்பதாகவே இருக்கும்.

முதலில் பெயர் விவகாரம். கோர் ஐ5-3470 என்று ஒரு செயலி இருந்தால், சிறு கோட்டுக்குப் பின்வரும் 3 என்பதே அதன் தலைமுறை. ஐ5-8400 எட்டாம் தலைமுறை. ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஐ5-10400 பத்தாம் தலைமுறை, ஐ3-12100 பன்னிரண்டாம் தலைமுறை. ஐ5-650 போன்று மூன்றே இலக்கங்கள் இருந்தால் அது முதல் தலைமுறை. "திஸ் பிசி" மீது வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, பிராப்பர்ட்டீஸ் திறந்தால் இந்த எண் தெரிந்துவிடும். வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை அரை நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடும்.

ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே தலைமுறைக்குள் இருக்கும் படிநிலைகள். வெவ்வேறு தலைமுறைகளை ஒப்பிட அவை உதவா. 2011-இல் வந்த ஐ7-2600 நான்கு கோர்களும் எட்டு த்ரெட்களும் கொண்டது. அன்று அது வசதி படைத்தோரின் செயலி. 2022-இல் வந்த ஐ3-12100-க்கும் அதே நான்கு கோர்கள், எட்டு த்ரெட்கள். ஆனால் ஒவ்வொரு கோரின் வேகமும் ஏறத்தாழ இரு மடங்கு. அதாவது, பன்னிரண்டாம் தலைமுறையின் கடைசிப் பிள்ளைகளில் ஒன்று, இரண்டாம் தலைமுறையின் மூத்த பிள்ளையை எளிதில் முந்திவிடுகிறது. ஏழாம் தலைமுறையின் ஐ7-7700-ஐக்கூட அது பெரும்பாலான வேலைகளில் பின்னே தள்ளும். இதை அறியாத பெற்றோர், "மகனுக்கு ஐ7 வாங்கிக் கொடுத்தோம்" என்று மனநிறைவு அடைகின்றனர்.

இங்கேதான் நமக்கு மனவருத்தம் தரும் ஒரு வழக்கத்தைப் பற்றிப் பேச வேண்டியுள்ளது. இணையச் சந்தைகளிலும் கடைகளிலும், "கோர் ஐ5, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, புத்தம் புதியது" என்ற விளம்பரத்துடன் கணினிகள் விற்கப்படுகின்றன. தலைமுறை எங்கும் எழுதப்பட்டிருக்காது. எழுதியிருந்தாலும் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். பெட்டி புதியது, கீபோர்டு புதியது, எச்61 வகை மதர்போர்டும் பெயர் தெரியாத ஒரு தயாரிப்பாளரின் புதுப் பலகை. செயலி மட்டும் ஏதோ ஓர் அலுவலகத்தில் பத்தாண்டுகளுக்கும் மேல் உழைத்து ஓய்ந்த இரண்டாம் அல்லது மூன்றாம் தலைமுறை. கல்லூரியில் சேரும் மகளுக்காகச் சீட்டுப் பணம் எடுத்து வாங்கும் ஒரு குடும்பத்திற்கு, அந்தக் கணினி விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்காது என்பது பின்னரே தெரிகிறது.

பழைய செயலியை விற்பது குற்றமன்று. பழையது என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் அது பலருக்கும் உதவியே. சொல்லாமல் மறைப்பதுதான் பிரச்சினை. நனைந்த தானியத்தைக் குவியலின் அடியில் வைத்திருந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தியை நம் மக்தப் பிள்ளைகளும் அறிவர். மறைக்கப்பட்ட குறை பின்னர் வெளிப்பட்டால் பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பதை ஃபிக்ஹு நூல்கள் கியாருல் அய்ப் என்ற தலைப்பின்கீழ் பேசுகின்றன. கணினி, கைப்பேசிக் கடைகள் நடத்துவோர் நம் சமுதாயத்தில் ஏராளம். அச்சகோதரர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே: பில்லில் செயலியின் முழு எண்ணை எழுதிக் கொடுங்கள். வாங்குவோரும் அதைக் கேட்டு வாங்குங்கள். "ஐ5" என்று மட்டும் எழுதிய பில், "அரிசி ஒரு மூட்டை" என்று எழுதிய பில்லைப் போன்றது. பொன்னியா, ரேஷன் அரிசியா என்று எவர் சொல்வது?

இனி மதர்போர்டுக்கு வருவோம். செயலி அமரும் இடத்திற்குச் சாக்கெட் என்று பெயர். இன்டெல் நிறுவனம் பொதுவாக இரண்டு தலைமுறைக்கு ஒருமுறை சாக்கெட்டை மாற்றிவிடும். இரண்டாம், மூன்றாம் தலைமுறைகள் எல்ஜிஏ 1155. நான்காம் தலைமுறை 1150. ஐந்தாம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் மிக அரிது. ஆறும் ஏழும் 1151. எட்டும் ஒன்பதும் அதே 1151. பத்தும் பதினொன்றும் 1200. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு மூன்றும் 1700. எனவே, "என் கணினியில் செயலியை மட்டும் மாற்றி எட்டாம் தலைமுறை போட்டுத் தாருங்கள்" என்று நான்காம் தலைமுறைக் கணினியைத் தூக்கிக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போவதில் பயனில்லை. செயலி மாறினால் மதர்போர்டு மாற வேண்டும். மதர்போர்டு மாறினால் ரேமும் மாற வேண்டியிருக்கும். நான்காம் தலைமுறை வரை டிடிஆர்3; அதற்குப் பிந்திய பலகைகளில் பெரும்பாலானவை டிடிஆர்4.

மேலே 1151 என்ற எண் இருமுறை வந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பலர் வழுக்கி விழுந்த இடம் அது. ஆறாம், ஏழாம் தலைமுறைக்கான எச்110, பி250 போன்ற பலகைகளிலும், எட்டாம் தலைமுறைக்கான எச்310, பி360 பலகைகளிலும் சாக்கெட்டின் அளவு ஒன்றே. ஐ5-8400-ஐ எச்110 பலகையில் வைத்தால் கச்சிதமாக அமரும். ஆனால் கணினி இயங்காது. மின் இணைப்புப் புள்ளிகளின் பங்கீட்டை இன்டெல் மாற்றிவிட்டது. "பின் எண்ணிக்கை ஒன்றுதானே, போட்டுப் பார்க்கலாம்" என்று சொல்லும் மெக்கானிக்கிடம் கணினியைக் கொடுக்காமல் திரும்பிவிடுவது நல்லது. 1200-இலும் இத்தகைய சிக்கல் உண்டு. எச்410 பலகைகளில் பெரும்பாலானவை பதினொன்றாம் தலைமுறையை ஏற்பதில்லை.

இவற்றை வைத்து உங்கள் கணினி எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்.

ஐந்தாம் தலைமுறை வரையிலான கணினி என்றால், செயலிக்காகச் செலவிட வேண்டாம் என்பதே நம் உறுதியான கருத்து. ஐ5-2400 இருக்கும் பலகையில் பயாஸைப் புதுப்பித்து ஐ7-3770 போடலாம் என்பது உண்மைதான். ஆனால் ஒரு சாக்கெட்டின் உச்சச் செயலிக்குப் பழைய சந்தையில் விலை எளிதில் இறங்குவதில்லை. பலகையை மாற்றாமல் ஏற விரும்பும் அத்தனை பேரும் அதையே தேடுகின்றனர். அவ்வளவு கொடுத்தும், முட்டுச்சந்தின் கடைசி வீட்டுக்குக் குடிபோனதைப் போலத்தான் ஆகும். அதற்குப் பதிலாக, ஹார்டு டிஸ்க்கை நீக்கிவிட்டு ஒரு சாட்டா எஸ்எஸ்டி பொருத்துங்கள். கணினி மெதுவாக இருக்கிறது என்று நம்மிடம் கொண்டுவரப்படும் பழைய பெட்டிகளில் பெரும்பாலானவற்றின் நோய் செயலியில் இல்லை. சுழலும் தட்டில் இருக்கிறது. எஸ்எஸ்டி மாற்றியதும், "புதுச் செயலி போட்டீர்களா ஹஜ்ரத்?" என்று கேட்டவர்கள் உண்டு. இந்த எஸ்எஸ்டி வீணாவதில்லை. நாளை புதுப் பலகைக்குப் போனாலும் அதுவும் கூடவே வரும்.

அந்தப் பழைய கணினியில் எந்த இயங்குதளம் என்ற கேள்வி எஞ்சும். தட்டச்சு, இணையம், ஜூம் வழி குர்ஆன் வகுப்பு, பிடிஎஃப் கிதாபுகள் ஆகியவற்றுக்கு லினக்ஸ் மின்ட் போதுமானது, இலவசம், தமிழ்99 தட்டச்சும் அதில் உண்டு. கடைக் கணக்குக்கு டேலி வைத்திருப்பவருக்கு இது பொருந்தாது. டேலி விண்டோஸுக்கென்று எழுதப்பட்டது. விண்டோஸ் 10-இலேயே இருக்க விரும்பும் தனிநபர்களுக்கு, 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகளை நீட்டித்துக்கொள்ளும் ஒரு திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதன் பின்னர் அக்கணினியில் வங்கி வேலை பார்ப்பதை நாம் ஆதரிக்க மாட்டோம். குறுக்கு வழியில் விண்டோஸ் 11-ஐ ஏற்றித் தருவோரும் உண்டு. ஏறும், ஓடும். ஆனால் தகுதியற்ற கணினிகளுக்குப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்பதற்கு உறுதியில்லை என்று மைக்ரோசாஃப்டே கூறிவிட்டது. கடைக் கணக்கை அதில் வைக்காதீர்கள்.

ஆறாம், ஏழாம் தலைமுறை வைத்திருப்போரின் நிலைதான் இரண்டுங்கெட்டான். கணினி நன்றாகவே ஓடுகிறது; ஏழாம் தலைமுறை 2017 ஜனவரியில் வந்தது, எட்டாம் தலைமுறை அதே ஆண்டு அக்டோபரில் வந்தது; ஒன்பது மாத இடைவெளியில் கோடு கிழித்து ஒன்றை வெளியே நிறுத்திவிட்டார்கள். இதில் நியாயம் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. ஆயினும் இவர்களுக்கு ஓர் அனுகூலம் உண்டு. இவ்வகைக் கணினிகள் பலவற்றில் டிடிஆர்4 ரேம் இருக்கும். (சில ஆறாம் தலைமுறைப் பலகைகளில் டிடிஆர்3 உண்டு, பார்த்துக்கொள்ளவும்.) 2025-இன் பிற்பகுதியிலிருந்து, செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதால், ரேமின் விலை கடுமையாக ஏறியது. கையில் இருக்கும் ரேமை எறியாமல் கொண்டுபோகும் வழி இருக்கும்போது அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். டிடிஆர்4 ஏற்கும் எச்610 பலகை ஒன்று, பன்னிரண்டாம் தலைமுறை ஐ3 ஒன்று. பழைய ரேம், பழைய எஸ்எஸ்டி, பழைய கேபினெட் அப்படியே தொடரலாம். எச்610 பலகைகளில் டிடிஆர்5 மட்டும் ஏற்பவையும் இருப்பதால், பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்தபின் வாங்குங்கள். பவர் சப்ளை பத்தாண்டுப் பழையதென்றால் அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பழுதான பவர் சப்ளை புதுப் பலகையையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்.

எட்டு, ஒன்பதாம் தலைமுறைக்காரர்களுக்கு ஒரு முக்கியமான செய்தி. "உங்கள் கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதியற்றது" என்ற அறிவிப்பைத் திரையில் கண்டு, நல்ல கணினியை மாற்றிவிடாதீர்கள். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி தேவை. எட்டாம் தலைமுறைப் பலகைகளில் அது பெரும்பாலும் உள்ளேயே இருக்கிறது. ஆனால் பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். பயாஸுக்குள் சென்று "பிடிடி" என்ற பெயரில் உள்ளதை இயக்கி, யூஇஎஃப்ஐ முறைக்கு மாற்றி, செக்யூர் பூட் வசதியையும் இயக்கினால் வேலை முடிந்தது. டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் இருந்தால் முதலில் அதை ஜிபிடி முறைக்கு மாற்ற வேண்டும்; விண்டோஸிலேயே அதற்கான கருவி உண்டு; கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்துவிட்டுச் செய்யுங்கள். ஒரு தேநீர் குடிக்கும் நேர வேலை. இதைச் செய்து கொடுக்காமல் புதுக் கணினியை விற்றவர்களைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம்.

ஏஎம்டி ரைசன் வைத்திருப்போர் இன்னும் பாக்கியசாலிகள். 2017-இல் முதல் ரைசன் செயலிகளுடன் பரவலாக வந்த ஏஎம்4 சாக்கெட்டையே அந்நிறுவனம் பல தலைமுறைகளுக்கு வைத்திருந்தது. முதல் ரைசன் செயலிகளை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. ஆனால் உங்கள் பலகையின் தயாரிப்பாளர் பயாஸ் புதுப்பிப்பு வெளியிட்டிருந்தால், அதே பலகையில் ரைசன் 5 5600ஜி போன்ற ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம். பழைய செயலி அமர்ந்திருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும் என்பதை மட்டும் மறவாதீர்கள்.

புதிதாக எல்லாவற்றையும் மாற்றும் நிலையில் இருப்பவர்கள், பதினான்காம் தலைமுறை இருக்கையில் பன்னிரண்டை ஏன் சொல்கிறோம் என்று கேட்கக்கூடும். வீட்டு வேலைக்கு அவற்றிடையே உணரத்தக்க வேறுபாடு இல்லை. மூன்றும் ஒரே சாக்கெட். இன்று ஐ3-12100 வாங்கினால், நாளை தேவைப்படும்போது பதினான்காம் தலைமுறைக்கு அதே பலகையில், பயாஸ் புதுப்பிப்புடன், ஏறிக்கொள்ளலாம். மேலும், பதின்மூன்று, பதினான்காம் தலைமுறைகளின் உயர்நிலைச் செயலிகள் பலவற்றில் மிகை மின்னழுத்தத்தால் நிலைகுலைவு ஏற்படுவதை 2024-இல் இன்டெல் ஒப்புக்கொண்டது. திருத்த மென்பொருள் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. ஐ3-க்கு அந்தச் சிக்கல் இல்லை என்றாலும், அந்தத் தலைமுறைகளின் ஐ7, ஐ9 செயலிகளைப் பழைய சந்தையில் வாங்குவோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். முந்தைய உரிமையாளர் திருத்தத்தை ஏற்றினாரா, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை வெளியே பார்த்துச் சொல்ல எவராலும் இயலாது. 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா வரிசை மேசைக்கணினிச் செயலிகளுக்கு டிடிஆர்5 கட்டாயம்; நம் வீடுகளுக்கு இப்போது அவசியமில்லை.

ஒரு நுணுக்கம்: செயலியின் எண்ணுக்குப் பின்னால் "எஃப்" என்ற எழுத்து இருந்தால் அதில் திரைக்கான கிராஃபிக்ஸ் பகுதி இல்லை. ஐ3-12100எஃப் சற்று மலிவு என்று வாங்கி வந்து, மானிட்டரில் ஒன்றும் தெரியவில்லை என்று தவித்தவர்கள் உண்டு. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத வீட்டுக்கு எஃப் வேண்டாம். காணொளி பார்ப்பதற்கும் இந்த கிராஃபிக்ஸ் பகுதியே பொறுப்பு. யூடியூபில் பயான் பார்க்கும்போது நான்காம் தலைமுறைக் கணினி மூச்சு வாங்குவதற்குக் காரணம், விபி9 என்ற காணொளி முறையை விரிக்கும் தனிப்பகுதி அதில் இல்லாததே. செயலி தானே அந்தச் சுமையைச் சுமக்கிறது. ஏழாம் தலைமுறையிலிருந்து அந்த வசதி முழுமையாக வந்தது. அதற்கடுத்த ஏவி1 முறைக்குப் பதினொன்றாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். வகுப்புகளையும் பயான்களையும் நாள்தோறும் கணினியில் பார்க்கும் வீட்டுக்கு, பத்தைவிடப் பன்னிரண்டை நாம் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

புதிய பாகங்களுக்கு வசதியில்லாத குடும்பத்துக்கு, அலுவலகங்களிலிருந்து கழிக்கப்பட்டு வரும் எட்டாம் அல்லது ஒன்பதாம் தலைமுறை ஐ5 கணினி நல்ல தேர்வே. அவற்றில் பல, தமக்கென்றே அமைந்த பலகையும் பவர் சப்ளையும் கொண்டவை. பின்னர் பலகையை மட்டும் மாற்ற முடியாது என்பதை அறிந்தே வாங்க வேண்டும். அதே விலைக்கு ஏழாம் தலைமுறை ஐ7 தருகிறேன் என்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இஸ்ராஃப் என்றால் அதிக விலை கொடுப்பது மட்டும்தான் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஓராண்டில் மீண்டும் வாங்க வைக்கும் மலிவுப் பொருளும் அதே கணக்கில்தான் சேரும்.

இறுதியாக, பழைய கணினியை எக்ஸ்சேஞ்சில் கொடுப்போர் கவனிக்க. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு கொடுங்கள். நிக்காஹ் புகைப்படங்கள், ஆதார் நகல்கள், வங்கித் தாள்கள் எல்லாம் அதில் இருக்கும். "டெலீட்" செய்தவற்றையும் மீட்டெடுக்கும் மென்பொருள்கள் கடைத்தெருவில் சாதாரணம். டிஸ்க் இல்லாததால் கழியும் தொகை சிறிதே. கழற்றிய டிஸ்க்கை அதற்கேற்ற கேஸ் ஒன்றில் போட்டால், வெளிச் சேமிப்பகமாக இன்னும் சில காலம் பயன்படும். குடும்பப் படங்களின் இரண்டாம் படியை அதில் வைத்துக்கொள்ளலாம்.